ஒகேனக்கல் ஏற்றமும் கொங்கண் மேடுகளும்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். காலையில் சைக்கிளில் கிளம்பினால் கடைசிப் பகுதி காட்டுக்குள் இறக்கம், மிதிக்கவே வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் வறுவலோடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் தெரியும், வந்த பாதை எவ்வளவு செங்குத்து என்று. யானை நடமாடும் காடு என்பதால் பொழுது சாய்வதற்குள் மேலே வந்தாகவும் வேண்டும்.

எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கு பேர் டிசம்பரில் மகாராஷ்டிராவின் ரத்னகிரிப் பக்கம் கொங்கண் கடற்கரையோரமாகச் சைக்கிள் பயணம் போகிறார்கள். நோட்டில் திட்டம் எழுதி வந்து காட்டினார்கள். நாளுக்கு 100 கிலோமீட்டர். “கடலோரம்தானே அண்ணா, சமதளமாத்தான் இருக்கும்” என்றான் ஒருவன்.

அவன் மனதில் இருந்தது சென்னை–புதுச்சேரி கிழக்குக் கடற்கரைச் சாலை. கொங்கண் நிலம் வேறு மாதிரி. அங்கே சகியாத்திரி மலை, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலை, கடலுக்கு மிக அருகில் நிற்கிறது. அதிலிருந்து மேற்கே ஓடும் ஆறுகள் குட்டையானவை, வேகமானவை. செம்புரைக்கல் மேட்டுநிலத்தை ஆழமாக அறுத்துக்கொண்டு கடலில் சேர்கின்றன. கரையோரச் சாலை ஒவ்வொரு கழிமுகத்துக்கும் இறங்கி, மறுபடி மேட்டில் ஏறுகிறது. தாபோல், ஜெய்கட் போன்ற இடங்களில் சைக்கிளைப் படகில் ஏற்றித்தான் அக்கரை போக வேண்டும். படகு நிற்பது கடல் மட்டத்தில். ஏறிய உயரமெல்லாம் கைவிட்டுப் போய், மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

100 மீட்டர் உயர மேடுகள் ஒரு நாளில் பன்னிரண்டு வருவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,200 மீட்டர். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுவதும் ஏறத்தாழ இவ்வளவுதான்.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆளும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 90 கிலோ. சாலை 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயர்கிறது. அந்தச் சரிவில் எடையும் டயரின் உராய்வும் சேர்ந்து சுமார் 76 நியூட்டன் விசையோடு பின்னால் இழுக்கும். ஓரளவு பழகிய ஆள் மணிக்கணக்கில் தரக்கூடிய திறன் 120 வாட் என்று கொண்டால், வேகம் மணிக்கு 5.7 கிலோமீட்டர். வேகமாக நடப்பவர் கூடவே வந்துவிடுவார்! ஒரு மேடு ஏற 13 நிமிடம். பன்னிரண்டு மேட்டுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல். இத்தனைக்கும் அது வெறும் 15 கிலோமீட்டர் தூரம்தான்.

இறக்கத்தில் ஈடுகட்டிவிடலாம் என்று தோன்றும். முடியாது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கப்படி கூடுவதால், சேர்த்த ஆற்றலில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். மிச்சத்தை வளைவுகளில் பிரேக் வெப்பமாக்கிவிடும். 5 கிலோமீட்டரை 6 வேகத்தில் ஏறி, 30 வேகத்தில் இறங்கினால் சராசரி 18 வராது, 10தான் வரும். ஏறுவதற்கு 50 நிமிடம், இறங்க 10 நிமிடம். நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் புரிந்துவிடும்.

அடுத்தது கியர். இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். கியர் இல்லாத சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருந்தால், மிதி ஒரு சுற்றுச் சுற்ற வண்டி 5.1 மீட்டர் நகரும். அதே 8 சதவீத மேட்டில் மிதிமேல் சராசரியாக 37 கிலோ எடை அளவுக்கு அழுத்த வேண்டும். கால் கீழே வரும் நொடியில் அது இன்னும் வெகுவாகக் கூடும். அதனால்தான் எழுந்து நின்று மிதிக்கிறோம். முன்னால் 24, பின்னால் 32 பல் என்று மாற்றினால் ஒரு சுற்றுக்கு 1.6 மீட்டர்தான் நகரும், ஆனால் அழுத்தம் 11 கிலோவாகக் குறைந்துவிடும். வேலை மாறவில்லை. முட்டி பிழைத்துக்கொள்ளும். நீண்ட பயணத்தில் முட்டி வலி வந்துவிட்டால் அப்புறம் பஸ்தான்.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்கள் எதிர்பாராதது: வியர்வை. தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் மிதிக்குப் போகிறது, மற்றதெல்லாம் உடம்புக்குள் சூடு. 120 வாட் மிதித்தால் 360 வாட்டுக்கு மேல் வெப்பம். அதை வியர்வையாலேயே போக்க வேண்டுமானால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் வியர்வை ஆவியாக வேண்டும். தருமபுரியின் உலர்ந்த காற்றில் அது நடந்துவிடும். கடலோர ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டும் வியர்வை சூட்டை எடுத்துப்போகாது. 6 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்றும் கிடைக்காது. ஆகவே பெரிய மேடுகளை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். தண்ணீரோடு உப்பும் வேண்டும். உப்புப் போட்ட மோர் மாதிரி நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

சாப்பாடும் சும்மா இல்லை. 1,000 மீட்டர் ஏற மட்டும் சுமார் 900 கலோரி. தசையிலும் ஈரலிலும் உடம்பு சேர்த்துவைக்கும் மாவுச்சத்து மொத்தமே 2,000 கலோரி அளவுதான். பசி எடுக்கும்வரை காத்திருக்காமல், மணிக்கொரு தரம் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ உள்ளே போக வேண்டும்.

பிள்ளைகள் நோட்டில் இப்போது ஒவ்வொரு நாளுக்கும் தூரத்துக்குப் பக்கத்தில் ஏற்ற மீட்டர் என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்கள். 100 கிலோமீட்டர் 60 ஆகிவிட்டது. பல்சக்கரம் மாற்ற இரண்டு சைக்கிள்கள் கடையில் நிற்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமை முழு மூட்டையோடு ஒகேனக்கல் போய், வெயிலுக்கு முன் ஏறி வருகிறார்கள். நானும் போகிறேன்.