நடுக்கத்தைக் கழித்த லான்செஸ்டர்

1901 வாக்கில் பர்மிங்காம் தெருவில் ஒரு லான்செஸ்டர் காரைப் பார்த்தவர்களுக்கு முதலில் எழுந்திருக்கக்கூடிய சந்தேகம், எஞ்சின் எங்கே என்பதுதான். முன்னால் மூக்கு நீட்டிய பானட் கிடையாது. ஸ்டியரிங் சக்கரமும் கிடையாது. ஓடக்காரர் சுக்கான் பிடிப்பதுபோல ஓட்டுநர் பக்கவாட்டில் ஒரு தண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எஞ்சின் வண்டியின் நடுவயிற்றில் படுத்திருக்கும். 4,033 சிசி கொள்ளளவு, ஆனால் 10 குதிரைத்திறன்தான். இன்று அதைவிடச் சின்ன எஞ்சினில் அதைப்போலப் பல மடங்கு கறந்துவிடுகிறோம். ஆனால் அந்த எஞ்சின் செய்த ஒரு வேலையை இன்றைய எஞ்சின்களில் பலவும் செய்வதில்லை. அது நடுங்காது.

இதைச் செய்தவர் ஃபிரெட்ரிக் லான்செஸ்டர். 1868-இல் லண்டனில் பிறந்து, 1889-இல் பர்மிங்காமில் கேஸ் எஞ்சின் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். 1895-இல் முதல் காரைக் கட்டினார். ஒற்றை சிலிண்டர் எஞ்சின். 1896-இல் அது தெருவில் ஓடியது. ஓடியது மட்டுமல்ல, உதறவும் செய்தது. வேறு யாராக இருந்தாலும் சீட்டுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் குதிரைமுடி திணித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர் எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு, தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தார்.

எஞ்சின் ஏன் நடுங்குகிறது? பெட்ரோல் வெடிப்பதால் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதில் பாதிதான் உண்மை. பெட்ரோலே இல்லாமல் ஒரு ஒற்றை சிலிண்டர் எஞ்சினை மோட்டார் வைத்துச் சுற்றினாலும் அது உதறும். பிஸ்டன் என்பது சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய்வரும் ஓர் உலோகக் கட்டி. ஒவ்வொரு முனையிலும் அது நின்று, திரும்பி, மறுபடி ஓட வேண்டும். அதைப் பிடித்து நிறுத்தித் திருப்பி அனுப்ப எவ்வளவு விசை வேண்டுமோ, அதே விசை எதிர்த்திசையில் எஞ்சின் உடம்பின்மேல் விழும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் விநாடிக்கு 50 முறை இந்தக் குலுக்கல். பழைய ஒற்றை சிலிண்டர் பைக்கில் போகும்போது கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரிவது இதனால்தான்.

சரி, பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் வளைந்த தண்டுக்குக் கிராங்க் என்று பெயர். அந்தக் கிராங்கில் பிஸ்டனுக்கு எதிர்ப்பக்கம் ஒரு எடையைக் கட்டிவிட்டால்? கட்டலாம், கட்டுகிறார்கள். ஆனால் பிஸ்டன் மேலும் கீழும் மட்டும் போகிறது. கிராங்கில் கட்டிய எடையோ வட்டமாகச் சுற்றுகிறது. மேலே கீழே ஆட்டத்தைக் குறைத்த அளவுக்கு இட வல ஆட்டம் புதிதாகக் கிளம்பும்.

இதைத் தவிர இன்னொரு தொல்லையும் உண்டு. மிக்சி ஸ்விட்சைப் போட்டதும் அதன் உடம்பு ஒரு பக்கமாக வெடுக்கென்று திரும்பப் பார்க்கும், கவனித்திருப்பீர்கள். உள்ளே ஒன்று ஒரு திசையில் வேகமெடுத்தால் வெளிக்கூடு எதிர்த்திசையில் முறுக்கிக்கொள்ளும். எஞ்சினில் ஒவ்வொரு வெடிப்புக்கும் இந்த முறுக்கல் நடக்கிறது.

லான்செஸ்டர் 1897-இல் செய்த இரட்டை சிலிண்டர் எஞ்சின் இந்தத் தொல்லைகளை ஒரே போடாகப் போட்டது. சிலிண்டர்கள் இரண்டும் எதிரெதிராகப் படுத்திருக்கும். பிஸ்டன்கள் இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே வந்து, ஒரே நேரத்தில் வெளியே போகும். ஆகவே ஒன்றின் குலுக்கலை மற்றது தின்றுவிடும். இதுவரை மற்றவர்களும் யோசிக்கக்கூடியதுதான். இவர் நடுவில் ஒரு கிராங்குக்குப் பதிலாக, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கிராங்குகளை வைத்தார். இரண்டும் பற்சக்கரத்தால் இணைக்கப்பட்டு எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்ளைவீல், அதாவது சுழற்சியைச் சீராக வைக்கும் கனமான சக்கரம். ஒவ்வொரு பிஸ்டனிலிருந்தும் அதைக் கிராங்கோடு இணைக்கும் மூன்று கனெக்டிங் ராடுகள் கிளம்பும். நடுவில் இருக்கும் தடித்த ராடு ஒரு கிராங்குக்கு, அதன் இரு பக்கத்திலும் இருக்கும் மெல்லிய ராடுகள் இன்னொரு கிராங்குக்கு. இரண்டு பிஸ்டனுக்கு ஆறு ராடு! ஒரு ராடு பிஸ்டனை மேல்பக்கம் தள்ளினால், மற்றவை அதே அளவு கீழ்ப்பக்கம் தள்ளும். ஒரு ஃப்ளைவீல் வலப்பக்கம் முறுக்கினால், மற்றது இடப்பக்கம் முறுக்கும். எல்லாம் கூட்டிக் கழித்தால் எஞ்சின் கூட்டின்மேல் விழும் பாக்கி ஏறத்தாழ சைபர்.

பொறியியல் அழகு என்றால் எனக்கு இதுதான். ஆனால் தயாரிப்புச் செலவை நினைத்தால் தலை சுற்றும். ஆறு ராடு, இரண்டு கிராங்க், இரண்டு ஃப்ளைவீல் எல்லாம் இரண்டு சிலிண்டருக்காக. லான்செஸ்டருக்கு அதைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. 1899 டிசம்பரில் கம்பெனி தொடங்கி, பர்மிங்காமின் ஸ்பார்க்புரூக் பகுதியில் தயாரிப்பை ஆரம்பித்தபோது, எல்லாவற்றையும் முதலிலிருந்து தானே யோசிக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர்கூட விளக்குத் திரிதான். பெட்ரோலில் ஊறிய திரிகளின்மேல் காற்று உரசிப் போகும், ஆவியை அள்ளிக்கொண்டு சிலிண்டருக்குள் நுழையும். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் திரி ஒரு வடிகட்டியும்கூட. பெட்ரோலில் இருக்கும் தூசும் தண்ணீரும் அதைத் தாண்டி வராது.

1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். தட்டைப் பிடிக்கும் கட்டைகளுக்கு அன்று கிடைத்தது செம்பு போன்ற மெல்லுலோகம்தான். இரும்புத் தட்டில் செம்பு உரசினால் என்ன சத்தம் வரும் என்று சொல்லத் தேவையில்லை. யோசனை சரி, அதற்கேற்ற பொருள்தான் அப்போது உலகத்தில் இல்லை. சஸ்பென்ஷன் விஷயத்திலும் அதே பிடிவாதம்: நடக்கும்போது நம் தலை மேலும் கீழும் ஆடுகிறதே, அந்தத் தாளம் நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம், அதே தாளத்தில் கார் ஆடினால் உடம்புக்கு உறுத்தாது என்று ஸ்பிரிங்குகளை இளக்கமாக வைத்தார்.

கார் நன்றாக இருந்தது, கையில் காசு இல்லை. ஆர்டர்கள் வந்துகொண்டிருந்தபோதே, 1904-இல் நடைமுறைச் செலவுக்குப் பணமின்றி கம்பெனி கடன்காரர்களின் பிடிக்குப் போனது. பிறகு புதுப் பெயரில் எழுந்து, நான்கு சிலிண்டரும் ஆறு சிலிண்டரும் கொண்ட கார்களைச் செய்தது. இந்தப் புது எஞ்சின்கள் நிமிர்ந்து நின்றன. ஆனால் இடம் மட்டும் மாறவில்லை. ஓட்டுநருக்கும் பக்கத்து சீட்காரருக்கும் நடுவில், இரண்டு பேருக்கும் பொதுவாக வைத்த வெற்றிலைப் பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். வாங்கியவர்கள் பெரிய இடத்து ஆட்கள். எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் ஆரம்பகால வாடிக்கையாளர். அவர் வண்டி வழியில் அடிக்கடி படுத்துக்கொண்டதும் உண்டு. கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்த ரஞ்சித்சிங்ஜி, நவாநகர் சமஸ்தான மன்னர், லான்செஸ்டர் பைத்தியம். ஒன்று போதாமல் வரிசையாக வாங்கினார். அல்வார் மகாராஜா 1924-இல் ஒரு லான்செஸ்டரின் பின்பாதியை அரச குதிரைவண்டி போலவே கட்டச் சொன்னார். முன்பாதி மோட்டார் கார், பின்பாதி பட்டாபிஷேக ரதம்.

இனி நான்கு சிலிண்டர் எஞ்சினின் சூட்சுமத்துக்கு வருவோம். லான்செஸ்டரின் பெயர் இன்று பட்டறைகளில் மிஞ்சியிருப்பது இதனால்தான்.

நான்கு சிலிண்டர் வரிசையாக நிற்கும் எஞ்சினில், ஓரத்துப் பிஸ்டன்கள் இரண்டும் மேலே போகும்போது நடுப் பிஸ்டன்கள் இரண்டும் கீழே வரும். ஆக எல்லாம் சரிக்குச் சரி ஆகிவிட வேண்டும் அல்லவா? ஆகவில்லை. காரணம் கனெக்டிங் ராடின் சாய்வு. ஒரு சின்னக் கணக்கு போடலாம். பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை போகும் தூரம் 80 மில்லிமீட்டர், ராடின் நீளம் 140 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிராங்க் அரைச்சுற்று சுற்றும்போது பிஸ்டன் மேலிருந்து கீழே வந்துவிடும். அதில் பாதி, அதாவது கால் சுற்று முடிந்தபோது பிஸ்டன் எங்கே இருக்கும்? 40 மில்லிமீட்டரில் இருக்கும் என்று தோன்றும். இல்லை, ஏறத்தாழ 46-இல் இருக்கும். கிராங்க் பக்கவாட்டில் விலகும்போது ராடு சாய்கிறது. சாய்ந்த ஏணியின் உச்சி இறங்கிவிடுவதுபோல, பிஸ்டன் கூடுதலாக 6 மில்லிமீட்டர் இழுபட்டுவிடுகிறது.

இப்போது நான்கு பிஸ்டன்களையும் சேர்த்துப் பாருங்கள். தொடக்கத்தில் இரண்டு உச்சியில், இரண்டு அடியில், சராசரி 40. கால் சுற்றில் நான்குமே ஒரே மட்டத்தில், 46-இல். அடுத்த கால் சுற்றில் மறுபடி சராசரி 40. நான்கு பிஸ்டன்களின் பொது எடைமையம் ஒரே சுற்றில் இரண்டு முறை 6 மில்லிமீட்டர் இறங்கி ஏறுகிறது. 3,000 சுற்று வேகத்தில் விநாடிக்கு 100 துடிப்பு. பெரிய நான்கு சிலிண்டர் கார்களில் காலடியில் வரும் அந்த 'ங்ங்ங்' என்ற ரீங்காரம் இதுதான். ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சினில் இந்தப் பாக்கி தானாகவே கழிந்துவிடும். பழைய சொகுசுக் கார்க்காரர்கள் ஆறு சிலிண்டரை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

லான்செஸ்டர் கண்ட தீர்வு, கிராங்குக்குக் கீழே இரண்டு சிறு உருளைகள். இரண்டிலும் எடை ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். கிராங்கைப் போல இரு மடங்கு வேகத்தில், எதிரெதிர்த் திசையில் சுற்றும். இரண்டு பேர் அக்கம்பக்கமாக நின்று ஆளுக்கொரு தூக்குவாளியைச் சுழற்றுகிறார்கள், ஒருவர் வலம், ஒருவர் இடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வாளிகள் மேலே போனால் சேர்ந்தே மேலே போகின்றன, கீழே வந்தால் சேர்ந்தே வருகின்றன. பக்கவாட்டில் மட்டும் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். பக்கவாட்டு இழுப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மேலே கீழே இழுப்பு மட்டும் நிற்கும். பிஸ்டன்களின் எடைமையம் மேலே இருக்கும்போது உருளைகளின் எடை கீழே இருக்கும்படி பற்களைப் பொருத்திவிட்டால், துடிப்பு தீர்ந்தது. முதல் உலகப் போருக்கு முன்பே இதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், இதைச் செய்த காலத்தில் அவருடைய சொந்தக் கம்பெனியோடு அவருக்கு இருந்த உறவு தளர்ந்துகொண்டிருந்தது. 1909-இலேயே பிரிட்டனின் டெய்ம்லர் கம்பெனிக்கு ஆலோசகராகப் போய்விட்டார். லான்செஸ்டர் கார்களை வடிவமைக்கும் பொறுப்பு தம்பி ஜார்ஜ் கைக்கு வந்தது. ஜார்ஜ் சமத்து, ஊர் வழக்கப்படி எஞ்சினை முன்னால் பானட்டுக்குள் தள்ளினார். போருக்குப் பிறகு 1919-இல் வந்த 6.2 லிட்டர் ஆறு சிலிண்டர் கார் ரோல்ஸ் ராய்ஸோடு நேருக்கு நேர் நின்றது. 1928-இல் எட்டு சிலிண்டர்களை ஒரே வரிசையில் நிறுத்தி ஒரு 4.4 லிட்டர் எஞ்சின் செய்தார். நல்ல கார், கெட்ட நேரம். அடுத்த ஆண்டே உலகப் பொருளாதாரம் கவிழ்ந்தது. வங்கி கடனைத் திரும்பக் கேட்டது. 1931 தொடக்கத்தில் டெய்ம்லரை ஏற்கெனவே வைத்திருந்த பி.எஸ்.ஏ. என்ற பிரிட்டிஷ் தொழிற்குழுமமே லான்செஸ்டரையும் வாங்கிக்கொண்டது. அதன்பிறகு அந்தப் பெயர் டெய்ம்லரின் மலிவுப் பதிப்புகளில் ஒட்டும் பட்டயமாகிப்போனது. 1950-களின் நடுவில் அதுவும் நின்றது. விமான இறக்கைகள் எப்படித் தூக்குவிசை பெறுகின்றன என்பதையும் முன்னோடியாக விளக்கிய ஃபிரெட்ரிக், 1946-இல் பணக்கஷ்டத்தில் இறந்தார்.

அவருடைய உருளைகளை 1970-களில் ஜப்பானின் மிட்சுபிஷி தூசி தட்டி எடுத்தது. ஒரே ஒரு திருத்தம்: இரண்டு உருளைத் தண்டுகளையும் ஒரே மட்டத்தில் வைக்காமல், ஒன்றை உயரத்திலும் மற்றதைத் தாழ்விலும் வைத்தார்கள். அப்படி வைத்தால் பக்கவாட்டு இழுப்புகள் சேர்ந்து ஒரு முறுக்கலை உண்டாக்கும். அது எஞ்சினின் சொந்த முறுக்கலுக்கு எதிராக வேலை செய்யும். போர்ஷே தன் 944 காருக்கு 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின் செய்தபோது, மிட்சுபிஷிக்குப் பணம் கட்டித்தான் இதைப் பயன்படுத்தியது. சின்ன எஞ்சின்களில் பிஸ்டன் லேசானது என்பதால் பெரும்பாலும் இது தேவைப்படுவதில்லை. இரண்டு லிட்டரைத் தாண்டிய நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் இது சகஜம். இதன் ஒன்றுவிட்ட தம்பியை, அதாவது கிராங்கின் வேகத்திலேயே எதிர்த்திசையில் சுற்றும் ஒற்றைத் தண்டை, 2020 முதல் வரும் ராயல் என்ஃபீல்டின் புதிய 350 எஞ்சினில் பார்க்கலாம். சென்னைப் பக்கம் தயாராவதுதான்.

இப்படித் தண்டுகள் உள்ள கார் எஞ்சினில் பெல்ட் மாற்றும் மெக்கானிக்குகள் ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்ப உஷாராக இருப்பார்கள். தண்டின் பல்சக்கரத்தில் ஒரு சிறு கோடு இருக்கும்; அது எஞ்சின் கூட்டில் உள்ள குறிக்கு நேராக நிற்க வேண்டும். தண்டுகள் அரைச்சுற்று மாறி உட்கார்ந்துவிட்டால், கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிடும். வண்டி ஓடும். ஆனால் தண்டே இல்லாத எஞ்சினைவிட மோசமாக உதறும்.