பழைய ஜீப்பின் இருக்கை முதுகைப் பதம் பார்ப்பது ஏன்?

பழைய ஜீப்பின் கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது கிழிந்த ரெக்சின்தான். அதனால் பலரும் உறையை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். முதல் கரடுமுரடான பாதையிலேயே இடுப்பு வலி மறுபடி வந்து நிற்கும். உறை பார்வைக்கான சமாசாரம். உண்மையில் தேய்ந்துபோவது அதற்கு அடியில் இருக்கும் நுரையும் கம்பி ஸ்பிரிங்கும். இவை இரண்டும் சேர்ந்து வண்டியின் சஸ்பென்ஷனில் கடைசிப் படியாக வேலை செய்கின்றன. டயர் வாங்கியது போக, சக்கரத்தின் ஸ்பிரிங் வாங்கியது போக, மிச்சமிருக்கும் அதிர்ச்சி இந்தப் படியைத் தாண்டித்தான் முதுகெலும்புக்கு வர வேண்டும்.

பழைய வண்டிகளில் அந்த மிச்சமே அதிகம். அவற்றில் பெரும்பாலானவை முழு நீள அச்சின் மேல் லீஃப் ஸ்பிரிங் எனப்படும் எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டியவை. சுமை ஏற்றுவதற்காக அமைத்த ஸ்பிரிங் என்பதால், வெறும் வண்டியாக ஓடும்போது அது கல் போல இருக்கும். பொதுவாக ஒரு வண்டியின் உடல் விநாடிக்கு 1 முதல் 2 தடவை ஏறி இறங்கும். சக்கரமும் அச்சும் 10 முதல் 15 தடவை துடிக்கும். மனித உடலுக்குச் சிக்கலான இடம் இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவரை மேலும் கீழுமாக ஆட்டினால், விநாடிக்கு 4 முதல் 8 தடவை வரையிலான ஆட்டம்தான் அவரை அதிகமாக வருத்துகிறது. உடல் அதிர்வை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 2631 தரமும் செங்குத்து ஆட்டத்தில் இந்தப் பகுதிக்குத்தான் கூடுதல் முக்கியத்துவம் தருகிறது. மேலுடலும் முதுகெலும்பும் ஏறத்தாழ 5 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 5 தடவை ஆட்டத்தில், ஒத்ததிர்கின்றன என்பதே காரணம். ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் சிறு தள்ளலும் பெரிய வீச்சாவதைப் போல, அந்த வேகத்தில் வரும் சிறு குலுக்கலும் உடலுக்குள் பெருகுகிறது.

நல்ல இருக்கை இதைத் தடுக்குமா என்றால், ஓரளவுதான். ஒரு ஸ்பிரிங்கின் மேல் உட்காரும்போது அது எவ்வளவு அமுங்குகிறது என்பதை வைத்தே அதன் இயல்பான அதிர்வெண்ணை, அதாவது அது தானாக விநாடிக்கு எத்தனை தடவை ஆடும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். 25 மில்லிமீட்டர் அமுங்கினால் சுமார் 3 ஹெர்ட்ஸ். 16 மில்லிமீட்டர் என்றால் சுமார் 4. அந்த அதிர்வெண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட ஆட்டத்தை மட்டுமே ஸ்பிரிங் குறைக்கும். அதற்குக் கீழே அப்படியே கடத்தும், அல்லது பெரிதாக்கும். வண்டியின் மெதுவான ஏற்ற இறக்கத்தையும் இருக்கையே விழுங்க வேண்டுமானால் அதை 1 ஹெர்ட்ஸுக்காவது கொண்டுவர வேண்டும். அதற்கு 25 சென்டிமீட்டர் அமுங்க வேண்டும், ஓட்டுநரின் தலை ஸ்டியரிங் உயரத்துக்கு இறங்கிவிடும்! ஆகவே சாதாரண மெத்தை இருக்கையின் வேலை, சக்கரத்திலிருந்து வரும் வேகமான துடிப்பை உறிஞ்சுவதும், எதிர்பாராத பள்ளத்தில் அடி தட்டாமல் காப்பதும்தான். இரண்டாவது வேலைக்குத் தடிமன் வேண்டும். கரடுமுரடான பாதையில் எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

இப்போது நுரைக்கு வருவோம். இருக்கைகளில் இருப்பது பாலியூரித்தேன். அதன் அடிப்படை வேதியியலை 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்தார்கள். பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு திரவங்களைக் கலக்கும்போது அவை நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளாகப் பின்னிக்கொள்கின்றன. கலவையில் சேர்த்த சிறிதளவு தண்ணீர் ஐசோசயனேட்டுடன் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயுதான் கலவையை உப்ப வைக்கிறது. இறுதியில் மிஞ்சுவது ஒன்றோடொன்று திறந்திருக்கும் கோடிக்கணக்கான நுண்ணறைகள்.

இந்த அறைகளைத் தாங்கி நிற்கும் மெல்லிய சட்டங்கள், அமுக்கும்போது மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. முதலில் லேசாக வளைகின்றன. பிறகு மடியத் தொடங்குகின்றன. இந்தக் கட்டத்தில் விசை அதிகம் கூடாமலேயே நுரை நிறைய அமுங்கும். சொகுசு என்று நாம் உணர்வது இதைத்தான். கடைசியில் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி ஒட்டிக்கொள்ள, நுரை திடீரென்று கட்டையாகிறது. இதற்கிடையே அறைகளிலிருந்து காற்று பிதுங்கி வெளியேறுவதும் திரும்ப நுழைவதும் ஆட்டத்தின் ஆற்றலில் ஒரு பங்கை வெப்பமாக்கி வீணடிக்கின்றன. ஷாக் அப்சார்பர் செய்யும் வேலையை இங்கே காற்று செய்கிறது.

வருடக்கணக்கில் ஆள் உட்கார்ந்து எழ, சட்டங்கள் ஒவ்வொன்றாக முறிகின்றன. ஈரம் இன்னொரு எதிரி. சங்கிலிகளை இறுக்கிப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தண்ணீர் தளர்த்துகிறது; அந்த நிலையில் சுமை இருந்தால் சங்கிலிகள் நகர்ந்து, அமுங்கிய வடிவத்திலேயே நிலைத்துவிடுகின்றன. கூரையில்லாமல் மழையில் நனைந்து, அப்படியே ஆள் ஏறி ஓட்டிய வண்டியில் மெத்தை சீக்கிரம் தட்டையாவதற்கு இதுவும் ஒரு காரணம். கிழிந்த உறை வழியாக உள்ளே விழும் வெயில் மேற்பரப்பைப் பழுப்பாக்கிப் பொடியாக்கும். இருக்கைக்கு அடியில் தரையில் மஞ்சள் தூள் சிந்தியிருந்தால், சந்தேகமே வேண்டாம், நுரை ஆயுள் முடிந்துவிட்டது.

இருக்கையைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். வளைந்து வளைந்து ஓடும் கம்பி ஸ்பிரிங்குகளில் ஒன்றிரண்டு கொக்கியிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருக்கும். கம்பிக்கும் நுரைக்கும் நடுவே இருக்க வேண்டிய கோணித்துணியோ கம்பளியோ இற்றுப்போயிருக்கும். அந்த இடத்தில் கம்பி, நுரையைக் கத்தி போல அறுத்து உள்ளே புதைந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியும் பள்ளம் உண்மையில் கீழிருந்து வந்தது. நுரையை மட்டும் மாற்றி இந்தத் துணியை விட்டுவிட்டால் புது நுரைக்கும் அதே கதிதான்.

புது நுரை வாங்கும்போது கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து முடிவெடுப்பது வழக்கம். அதில் தெரிவது கடினம் மட்டுமே. ஆயுளைச் சொல்வது அடர்த்தி. வேதியியல் கலவையை மாற்றி, அடர்த்தி குறைந்த நுரையைக்கூடக் கடினமாகச் செய்துவிடலாம். கையில் நன்றாக இருக்கும், சீக்கிரத்தில் அமுங்கிப்போகும். வாகன இருக்கைகளுக்கு ஒரு கன மீட்டருக்கு 40 முதல் 60 கிலோ வரையிலான அடர்த்தி ஏற்றது. செத்த மெத்தையின் மேல் மெத்தென்ற ஒரு பஞ்சடுக்கை வைத்துச் சமாளிப்பதில் எனக்கு உடன்பாடில்லை: உட்கார்ந்தவுடனேயே அது முழுவதும் அமுங்கிவிடும், பள்ளத்தில் விழும்போது அமுங்க எதுவும் மிச்சமிருக்காது.

வேறு வண்டியின் முழு இருக்கையைக் கொண்டுவந்து பொருத்துபவர்களும் உண்டு. அப்போது பார்க்க வேண்டியது இடுப்பு மூட்டு வந்து அமரும் உயரத்தை. அது மாறினால் கிளட்ச் மிதிக்கான கால் நீளம், கூரைக்கும் தலைக்கும் இடையிலான இடைவெளி, சீட் பெல்ட் இடுப்பின் மேல் படியும் கோணம் எல்லாமே மாறும். பெல்ட் இடுப்பெலும்பின் மேல் படியாமல் வயிற்றின் மேல் படிந்தால், மோதலின்போது ஆள் அதன் அடியில் வழுக்கிச் செல்வார். இருக்கையின் முன்பகுதி மிகவும் மென்மையாக இருந்தாலும் இதே ஆபத்துதான்.

அதைவிடப் பெரிய விஷயம் பிடிமானம். பயணிகள் வாகன இருக்கை தன் எடையைப்போல் 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்பது பல நாடுகளின் சோதனை விதி. 20 கிலோ இருக்கைக்கு அது 400 கிலோ எடைக்குச் சமம். சீட் பெல்ட்டும் இருக்கையிலேயே மாட்டியிருந்தால் ஆளைத் தாங்கும் விசையும் அதே போல்ட்டுகளின் வழியாகத்தான் போகும். துருப்பிடித்த தகட்டில் சாதாரண வாஷர் போட்டு முடுக்கினால், போல்ட் உடையாது. தகடு கிழிந்து போல்ட் வெளியே வந்துவிடும். தரைக்கு அடியில் அகலமான எஃகுத் தகடு வைத்து விசையைப் பரப்ப வேண்டும். போல்ட்டின் தலையில் அதன் வலிமையைக் குறிக்கும் 8.8 அல்லது 10.9 என்ற எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கொண்டுவரும் இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால், அதன் மஞ்சள் நிற இணைப்பானை மல்ட்டிமீட்டர் என்ற மின் அளவுக் கருவியால் சோதிக்கவே கூடாது. அந்தக் கருவி செலுத்தும் சிறு மின்னோட்டமே ஏர்பேக்கை வெடிக்கச் செய்யலாம்.

புது நுரை முதல் சில வாரங்களில் கொஞ்சம் இளகி உயரம் குறையும். பின்னால் பார்க்கும் கண்ணாடிகளை அதன் பிறகு இன்னொரு தடவை சரிசெய்து, இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகளையும் மறுபடி முடுக்கிவிடுங்கள்.