இடது கையைப் பிடித்தால் என்ன?

பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மின்னோட்டம் பாயும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அறிய, ஏன் வலது கையைத்தான் பயன்படுத்த வேண்டும்? இடது கை என்றால் தப்பா?" தேர்வில் தப்புதான். இயற்கையிடம் கேட்டால் பதில் வேறு.

விதி எல்லோருக்கும் தெரியும். கட்டைவிரல் மின்னோட்டத்தின் திசையில் நீண்டிருக்க, கம்பியை வலது கையால் பற்றியதாக எண்ணினால், மடங்கிய விரல்கள் புலத்தின் திசையைக் காட்டும். 1820இல் கோபன்ஹேகனில் இயற்பியலாளர் ஓர்ஸ்டெட் கண்டதும் இதைத்தான். காந்த ஊசிக்கு மேலே, தெற்கு வடக்காகக் கம்பியைப் பிடித்து, வடக்கு நோக்கி மின்சாரம் செலுத்துங்கள். ஊசியின் வடமுனை மேற்கே விலகும். கம்பியை ஊசிக்கு அடியில் வைத்தால் கிழக்கே விலகும். ஒரு சென்டிமீட்டர் தொலைவில் 2 ஆம்பியர் மின்னோட்டம் உண்டாக்கும் புலம் 40 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலத்தில் கிடையாக அமைந்த பகுதியும் ஏறக்குறைய அவ்வளவே என்பதால், ஊசி சுமார் 45 பாகை திரும்பி நிற்கும். டார்ச் செல் ஒன்று போதும். ஆனால் ஓரிரு நொடிக்கு மேல் இணைப்பை வைத்திருக்காதீர்கள், கம்பி சுட்டுவிடும்.

இப்போது கைக்கு வருவோம். இணையாகத் தொங்கும் இரண்டு கம்பிகளில் ஒரே திசையில் மின்சாரம் பாய்ந்தால், அவை ஒன்றையொன்று ஈர்க்கும். பிரெஞ்சு இயற்பியலாளர் ஆம்பியர் அதே 1820இல் காட்டியது இது. கணக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள். முதல் கம்பியின் புலத்தை அறிய வலது கை. அந்தப் புலம் இரண்டாவது கம்பியை எந்தப் பக்கம் தள்ளும் என்று அறிய ஃபிளமிங்கின் இடது கை விதி. ஆக, கையை இரண்டு முறை கேட்கிறோம். இரண்டு இடத்திலும் கையை மாற்றிப் போடுங்கள். நடுவில் வரும் புலத்தின் அம்புக்குறி தலைகீழாகும். ஆனால் கடைசியில் கம்பிகள் ஈர்க்கவே செய்யும்! கண்ணால் பார்க்கும் விளைவு எதுவும் மாறவில்லை. மாறியதெல்லாம் தாளில் நாம் வரைந்த அம்புக்குறிதான்.

"அப்படியானால் ஓர்ஸ்டெட்டின் ஊசி மேற்கே போனது?" என்று கேட்பீர்கள். ஊசியின் காந்தத்தன்மையும் அதற்குள் இருக்கும் எலக்ட்ரான்களின் சுழற்சியிலிருந்தே வருகிறது. அங்கேயும் ஒரு கை ஒளிந்திருக்கிறது. அதையும் சேர்த்து மாற்றினால் ஊசி மீண்டும் மேற்கேதான் போகும். இதைச் சொல்லாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மின்காந்தவியலுக்கு இடமும் வலமும் ஒன்றே. இயற்கை முழுவதும் அப்படித்தான் என்று இயற்பியலாளர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அதைச் சோதிக்கும்படி லீ, யாங் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் 1956இல் எழுதினார்கள். சோதித்து, அப்படியில்லை என்று காட்டியது இயற்பியலாளர் சியென் ஷியுங் வூ தலைமையிலான குழு. 1957இல் நோபல் பரிசு லீக்கும் யாங்குக்கும் போனது, வூவுக்கு இல்லை. இன்று நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. கதிரியக்கத்தால் சிதையும் கோபால்ட் 60 அணுக்களைக் கடுங்குளிரில் வைத்து, காந்தப்புலத்தால் அவற்றின் அணுக்கருக்களை ஒரே பக்கமாகச் சுழலும்படி வரிசைப்படுத்தி, சிதைவில் வெளிப்படும் எலக்ட்ரான்கள் எந்தப் பக்கம் அதிகம் என்று எண்ணினார்கள். கரு சுழலும் திசையில் விரல்களை மடக்கினால், கட்டைவிரல் நீளும் பக்கமே அதிகம் வந்தன. ஆனால் மடக்க வேண்டியது இடது கையை.