சரக்குக்கு இரண்டு சுவர், எரிபொருளுக்கு?

எண்ணூர் பக்கத்துக் குப்பங்களில் என் வேலை கப்பல்களைச் சோதிப்பது என்று சொன்னாலே 2017 பற்றிப் பேச்சு வந்துவிடும். அந்த வருடம் ஜனவரி 28 விடியற்காலையில், காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே எல்பிஜி கப்பல் ஒன்றும் பெட்ரோலியப் பொருள் ஏற்றிவந்த டேங்கரும் மோதிக்கொண்டன. எண்ணெய் கடலில் கொட்டியது. கரையில் ஒதுங்கிய கசடைப் பக்கெட் பக்கெட்டாக அள்ளினார்கள். இன்றும் அங்கே கேட்பார்கள்: "எண்ணெய்க் கப்பலுக்கு ரெண்டு சுவர்னு சொல்றீங்களே சார், அப்புறம் எப்படிக் கசிஞ்சுது?" நியாயமான கேள்வி.

அந்த இரட்டைச் சுவர் சரக்கு எண்ணெய்க்கானது. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் பாறையில் மோதி, சுமார் 37,000 டன் கச்சா எண்ணெயைக் கொட்டியது. அதற்கு ஒற்றைச் சுவர்தான். அதன் பிறகு, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்போலில் விதி மாறியது. பெரிய டேங்கர்களில் வெளித்தகட்டுக்கும் சரக்கு டேங்குக்கும் நடுவே 2 மீட்டர் வரை இடைவெளி விடுகிறார்கள். வெளித்தகடு கிழிந்தால் அந்த இடத்தில் கடல்நீர் புகும், எண்ணெய் உள்ளேயே நிற்கும். பெரிய கப்பல் வேகமாக வந்து குத்தினால் இரண்டு சுவரும் போகலாம். அதனால்தான் சரக்கைப் பல டேங்குகளாகப் பிரிக்கிறார்கள்.

எண்ணூரில் கொட்டியதோ அந்த டேங்கர் தன் இன்ஜினுக்கு வைத்திருந்த ஃபர்னஸ் ஆயில். பெட்ரோல் மாதிரி அது ஆவியாகிப் போகாது. கெட்டியாகிப் பாறையிலும் வலையிலும் ஒட்டிக்கொள்ளும். எரிபொருள் டேங்குக்கும் பாதுகாப்பு இடைவெளி வேண்டும் என்ற விதி, 600 கன மீட்டரோ அதற்கு மேலோ எரிபொருள் கொள்ளும் கப்பல்களுக்கு, 2010 ஆகஸ்ட் 1 முதல் கட்டி ஒப்படைக்கப்பட்டவற்றுக்குத்தான். அதற்கு முந்தைய பல கப்பல்களில் எரிபொருள் டேங்கின் சுவரே கப்பலின் வெளித்தகடு. சரக்குக் கப்பல், கன்டெய்னர் கப்பல் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

இன்னொரு கவலையும் உண்டு. இரண்டு சுவருக்கு நடுவே இருப்பது பேலஸ்ட் டேங்க். சரக்கு இல்லாத பயணத்தில் கப்பல் தள்ளாடாமல் இருக்க அதில் கடல்நீர் நிரப்புவார்கள். உப்பு, ஈரம், வெக்கை. பெயின்ட் உரிந்தால் துரு தகட்டைத் தின்னும், வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். விரிசல் வழியாகச் சரக்கின் வாயு கசிந்து தேங்கினால் வெடிக்கவும் கூடும். இருட்டு, குறுகலான வழி என்பதால் இந்த டேங்குக்குள் இறங்கிப் பார்க்கும் சோதனையைத்தான் அவசரமாக முடிக்கப் பார்ப்பார்கள். எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை.

கப்பலை வாடகைக்கு எடுப்பவர்களும் துறைமுகமும் "இரட்டைச் சுவர் உண்டா?" என்பதோடு நிறுத்தக் கூடாது. எந்த வருடம் ஒப்படைக்கப்பட்டது, எரிபொருள் டேங்குக்குப் பாதுகாப்பு உண்டா என்று கேட்க வேண்டும். கப்பலின் ஐஓபிபி சான்றிதழ் (எண்ணெய் மாசுத் தடுப்புக்கான சர்வதேசச் சான்றிதழ்) இணைப்பிலேயே இது எழுதியிருக்கும். துறைமுகக் கூட்டங்களில் மீனவர் சங்கங்களும் இதைக் கேளுங்கள்.