மணிக் கயிறும் பத்து மாதக் கோபமும்

பர்மாவின் யாங்கோன் நகர மையத்துப் பழைய அடுக்குமாடிகளில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். லிஃப்ட் கிடையாது, அதனால் கீழே வந்து நிற்பவர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், பேப்பரோ காய்கறிப் பையோ நுனிக் கிளிப்பில் மாட்டிவிட்டால் நாம் மேலே இழுத்துக்கொள்ளலாம். எங்களுடையது ஐந்தாவது மாடி. பத்து மாத மகள் ஒருநாள் அப்பத்தா இடுப்பில் இருந்தபடியே கம்பிக்குள் கையை விட்டுக் கயிற்றை இழுத்துவிட்டாள். மணி அடித்தது. அன்றிலிருந்து வீட்டில் வேறு விளையாட்டுச் சாமான் எதற்கும் மதிப்பில்லை.

இரவு ஒன்பது மணிக்கும் இதே வேலை என்றால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? மணியின் நாக்கில் ஒரு துணியைச் சுற்றிவிட்டேன். வந்தாள், இழுத்தாள். சத்தமில்லை. மணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இன்னும் பலமாக இழுத்தாள். நான்காவது தடவையில் முகம் சிவந்து, முதுகு வில்லாக வளைந்து, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி ஒரு அலறல். தாங்காமல் துணியை அவிழ்த்தேன். மணி அடித்ததும் கன்னத்தில் பூசியிருந்த தனக்கா மரப்பட்டைச் சாந்து கண்ணீரில் கரைந்து ஒழுக ஒழுகச் சிரித்தாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னடி ஆத்தா, அப்படி என்ன வீம்பு?" என்றாள் என் அம்மா, அதட்டுகிற குரலில். முகத்தில் ஒரே பெருமை.

இதே சோதனையை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். மைக்கேல் லூயிஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு அது. இரண்டு மாதத்திலிருந்து எட்டு மாதம் வரையுள்ள குழந்தைகளின் கையில் ஒரு நூலைக் கட்டினார்கள். கையை இழுத்தால் எதிரே ஒரு படம் தெரியும், பாட்டு ஒலிக்கும். குழந்தைகள் சீக்கிரமே பிடித்துக்கொண்டன. அப்புறம் இணைப்பைத் துண்டித்தார்கள். இரண்டு மாதக் குழந்தைக்குக்கூடக் கோப முகம் வந்தது, கை முன்னைவிட வேகமாக இழுத்தது. இணைப்பைத் திருப்பிக் கொடுத்ததும் மகிழ்ச்சியும் திரும்பியது. பிறகு இன்னொன்றையும் கவனித்தார்கள்: துண்டித்தபோது சோர்ந்து வாடிப்போன குழந்தைகளைவிடக் கோபப்பட்ட குழந்தைகள்தான், பாட்டு திரும்ப வந்தபோது அதிக ஆர்வத்தோடு விளையாடின.

நாம் அடம் என்று சொல்வதன் பாதி இதுதான். குழந்தை முதலில் கண்டுபிடிக்கிற பெரிய விஷயம், "நான் செய்தேன், அது நடந்தது" என்பது. அதைப் பிடுங்கினால் வருகிற கோபம், தடையைத் தள்ளிவிட உடம்பு கொடுக்கிற கூடுதல் விசை. அடக்கிக்கொள் என்று சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் அடக்கும் வேலையைச் செய்ய வேண்டிய மூளையின் முன்பகுதி பத்து மாதத்தில் பெயருக்குத்தான் இருக்கிறது. மூன்று நான்கு வயதில்தான் அது சொன்ன பேச்சைக் கேட்கத் தொடங்கும், முழுதாக முதிர இருபது வயது தாண்டிவிடும். வண்டியில் இன்ஜின் வந்துவிட்டது, பிரேக் இன்னும் கப்பலில்.

சரி, எல்லாக் குழந்தையும் இப்படியா அலறுகிறது? இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா இதற்கு ஒரே வரியில் பதில் வைத்திருக்கிறார்: செவ்வாய்க்கிழமை பிறந்த பிள்ளை, அதன் விலங்கு சிங்கம். பர்மாவில் பிறந்த கிழமைதான் ஜாதகம், ஷ்வேடகோன் கோயிலைச் சுற்றி ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலையே உண்டு. (செவ்வாய்க்கு அவர்கள் சொல்லும் 'இங்கா' நம் அங்காரகன்தான்.) என் அம்மா நட்சத்திரத்தைச் சொல்கிறாள், மனைவி என்னைக் காட்டுகிறாள். மனைவி சொல்வதில்தான் கொஞ்சம் அறிவியல் இருக்கிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்கள், மற்ற இரட்டையர்களைவிடச் சுபாவத்தில் அதிகம் ஒத்துப்போகிறார்கள். ஆனாலும் அச்சு அசலாக இல்லை. மரபணு வாசலைத் திறக்கிறது, முழு வீட்டையும் அது கட்டவில்லை.

1956-இல் நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ், அலெக்ஸாண்டர் தாமஸ் என்ற மருத்துவத் தம்பதி நூற்றுச் சொச்சம் குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பின்தொடர ஆரம்பித்தார்கள். சுமார் 40 சதவீதம் சாது. 15 சதவீதம் மெல்ல மெல்லப் பழகுகிற ரகம். 10 சதவீதம் 'கடினமான' குழந்தைகள்: தூக்கத்துக்கும் பசிக்கும் நேரங்காலம் கிடையாது, புதுசு எதுவும் பிடிக்காது, எல்லாமே உச்சஸ்தாயியில். மிச்சமிருந்த 35 சதவீதம் எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. அவர்கள் கண்ட முக்கியமான விஷயம், சுபாவம் தனியாகப் பிரச்சினை ஆவதில்லை, அது வீட்டோடு பொருந்துகிறதா என்பதுதான் கணக்கு. குழந்தை தூங்குகிற நேரத்தில் தூங்கட்டும் என்று விட்டுவிடுகிற குடும்பங்களில், ஒழுங்கில்லாத தூக்கம் ஒரு குறையாகவே தெரியவில்லை. எங்கள் வீட்டில் கரண்டே நேரத்துக்கு வருவதில்லை, பிள்ளையிடம் மட்டும் எப்படி நேரம் கேட்பது?

'கடினம்' என்ற அந்தப் பட்டத்தையே ஆட்டிப்பார்த்த ஓர் ஆய்வும் உண்டு. ஆப்பிரிக்க மசாய் மக்களிடையே, பெரும் பஞ்சம் நடந்த காலத்தில், மார்ட்டன் டி விரீஸ் என்ற மருத்துவர் குழந்தைகளின் சுபாவத்தைக் குறித்து வைத்தார். சில மாதம் கழித்துத் தேடிப் போனபோது, கண்டுபிடிக்க முடிந்த ஏழு சாதுக் குழந்தைகளில் ஐந்து இறந்திருந்தன. அடம்பிடிக்கிற ஆறில் இறந்தது ஒன்று. எண்ணிக்கை ரொம்பச் சின்னது, இதை வைத்துச் சட்டம் எழுத முடியாது, ஆனால் அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பதை நம் பாட்டிகள் ஏதோ சும்மா சொல்லவில்லை என்று தோன்றுகிறது.

அப்புறம் என் பக்கத்துக் கேள்வி. அவள் இவ்வளவு கத்தியும் எனக்குள் எரிச்சல் ஏன் தங்கவில்லை? 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முன்பின் தெரியாத கைக்குழந்தையின் முகத்தைப் பார்த்தாலே பெரியவர்களின் மூளையில், கண்களுக்கு மேலே இருக்கிற ஒரு பகுதி ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்குக்குள் விழித்துக்கொண்டது. பெரியவர்களின் முகத்துக்கு அப்படி விழிக்கவில்லை. நாம் யோசித்து முடிவெடுப்பதற்கு முன்பே நடந்து முடிகிற சங்கதி இது. ஆனால் அது எல்லாக் குழந்தைக்கும் பொது. மணியைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடியும் இழுக்கத் தீர்மானித்தாளே, அந்த முகம் இவளுக்கு மட்டுமே உரியது, அங்கேதான் நான் விழுந்தேன்.

நேற்று நான் மறுபடியும் துணியைச் சுற்றினேன். இரண்டு முறை இழுத்தாள். அலறவில்லை. அப்பத்தாவின் மூக்கைப் பிடித்துத் திருப்பி, மணியை நோக்கிக் கை நீட்டினாள். அம்மா எழுந்துபோய்த் துணியை அவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.