மனச்சிதைவுக்கு எதிர்ப்புச் சக்திப் பொடியா?

மாத்திரையை நிறுத்திவிட்டு எதிர்ப்புச் சக்திப் பொடி கொடுத்திருக்கிறார்கள். மகனுக்கு மறுபடியும் குரல்கள் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அழைத்து வந்தார்கள். "மனச்சிதைவுக்கு எதிர்ப்பு மண்டலம்தான் காரணமாமே டாக்டர், வாட்ஸ்அப்பில் வந்ததே" என்றார் தந்தை. இப்படி வரும் முதல் குடும்பம் இதுவல்ல.

வந்த செய்தியில் பாதி உண்மை. மனச்சிதைவோடு தொடர்புடைய 108 மரபணு இடங்களை 2014இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அவற்றில் மிக வலுவானது, எதிர்ப்பு மண்டல மரபணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் ஆறாம் குரோமோசோம் பகுதி. 2016இல் அங்கே சி4 மரபணு பிடிபட்டது. வளரும் மூளை வேண்டாத நரம்பிணைப்புகளைக் கழிக்கும்போது சி4 புரதமும் அதில் பங்கெடுக்கிறது. அதைக் கூடுதலாக உருவாக்கும் மரபணு வடிவம் உள்ளவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பும் சற்றுக் கூடுதல்.

கூடுதல் என்றுதான் சொன்னேன். குறைவு என்று சொல்லவில்லை. பிறகு எதைக் கூட்டுவதற்குப் பொடி? எதிர்ப்புச் சக்தி எவ்வளவு ஏறினாலும் நல்லது என்பது பொடி விற்பவரின் பாடம். அந்தச் சக்தி மிகுந்து தன் உடலையே தாக்குவதால்தான் முடக்குவாதம் வருகிறது. பொடியால் குரல்கள் நிற்காது. மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும். அழற்சியைக் குறைக்கும் மருந்துகளைச் சோதித்த ஆய்வாளர்கள்கூட வழக்கமான மாத்திரைகளோடு சேர்த்துத்தான் பெரும்பாலும் கொடுத்தார்கள். பலனும் சீராக இல்லை.

எதிர்ப்பு மண்டலம் உண்மையிலேயே அவசரமாகும் இடம் வேறு. எதிர்ப்பு மண்டலமே மூளையைத் தாக்கும் நோய் ஒன்று உண்டு: 2007இல் விவரிக்கப்பட்ட என்.எம்.டி.ஏ. ஏற்பி மூளையழற்சி. அது தொடக்கத்தில் மனநோய் போலவே தெரியும். பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருகிறது; சிலருக்குச் சினைப்பையில் கட்டியும் இருக்கும். சில நாள்களிலேயே பேச்சும் நடத்தையும் குலைந்து, கூடவே காய்ச்சல், வலிப்பு, வாய் தானாக அசைவது, உடல் விறைப்பது என்று வந்தால் கோயில், தர்கா என்று அலையாதீர்கள். மனநல மருத்துவரான என்னிடமும் வர வேண்டாம். நரம்பியல் பிரிவுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். முதுகுத்தண்டு நீர் எடுக்கச் சம்மதியுங்கள், தயவுசெய்து. முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காது என்று சொல்ல எல்லாக் குடும்பத்திலும் ஒரு மாமா இருக்கிறார். அவரை வெளியே உட்கார வையுங்கள்.

மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின் என்ற மாத்திரையைச் சாப்பிடுபவர்கள் எதிர்ப்புச் சக்தியைப் பற்றிக் கவலைப்படலாம், பட வேண்டும். அரிதாக அது வெள்ளையணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். முதல் 18 வாரம் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை. பையன் நன்றாகத்தானே இருக்கிறான் என்று தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே ரத்தம் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானாலும் உங்கள் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.