மேலுதட்டில் நாக்கு வைத்துப் பேசும் தீவுகள்

"மனித வாயில் வரும் எல்லா ஒலிக்கும் தமிழில் எழுத்து உண்டுதானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கிடையாது. எந்த மொழியிலும் கிடையாது. சந்தேகம் இருந்தால், நுனிநாக்கைப் பல்லையும் தாண்டி வெளியே நீட்டி, மேலுதட்டில் ஒட்டிக்கொண்டு 'ம' சொல்லிப் பாருங்கள். கீழுதட்டுக்கு வேலையே இல்லை. வருவது 'ம'வும் இல்லை, 'ந'வும் இல்லை.

தென் பசிபிக்கில் உள்ள வனுவாட்டுவின் சில மொழிகளில் இது அன்றாட மெய்யொலி. சுமார் 3 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. சாந்தோ தீவின் தென்கரையை ஒட்டிய அராக்கி, தங்கோவா தீவுகளின் மொழிகளில் இந்த நாவிதழ் ஒலிகள் ப, ம, வ மூன்றுக்கும் இணையாக இருக்கின்றன.

எப்படி வந்தன என்பதுதான் சுவாரஸ்யம். இந்த மொழிகள் சேர்ந்த ஓசியானிய மொழிக் குடும்பத்தின் மூதாதை மொழியில் கல்லுக்கு 'பத்து' என்பது போன்ற ஒரு சொல் இருந்தது. தங்கோவாவில் அதன் முதல் ஒலி நாவிதழ் ஒலியாகிவிட்டது. ஆனால் பழைய ப, ம எல்லாமே இப்படி மாறவில்லை. உ, ஒ போல உதடு குவிக்கும் உயிருக்கு முன்னால் பழையபடியே நின்றன. அ, இ, எ வந்தால்தான் நாக்கு உதட்டுக்குப் போனது.

கதை அங்கே நிற்கவில்லை. குரல் வாய்க்குள் ஒத்ததிர்ந்து சில அதிர்வெண்கள் வலுப்பெறும்; உதடுகள் மூடினால் அவற்றில் இரண்டாவது தாழும். மூடும் வேலையை நாக்கு செய்தால் அது கொஞ்சம் உயர்ந்து, த, ந பக்கம் சாயும். பேசுபவர் முகத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்கும் குழந்தை அதை 'த' என்றே எடுத்துக்கொள்ளலாம். அக்கம்பக்கத்து மொழிகள் சிலவற்றில் அதுவே நடந்து, பழைய இதழொலி பல்லொலியாகிவிட்டது. தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்த்தால் 'ப' எப்படித் 'த' ஆகும் என்று நம்பவே முடியாது. நடுப்படி இன்னும் சிலர் வாயில் உயிரோடு இருப்பதால்தான் நமக்கு வழி தெரிகிறது.

அந்தச் சிலர் எத்தனை பேர்? அராக்கிக்கு 2002இல் இலக்கணம் வெளியிட்ட பிரெஞ்சு மொழியியலாளர் அலெக்சாந்தர் பிரான்சுவா கணக்கில் சரளமாகப் பேசியவர்கள் எட்டே பேர். சின்ன மொழிக்கு ஏன் ஆய்வுப் பணம் என்று கேட்பவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. இந்த நடுப்படியை எந்த ஆய்வகத்தில் செய்து பார்ப்பார்கள்?

சரி, இதை எழுதுவது எப்படி? பன்னாட்டு ஒலிக்குறியில் எழுத்தின் அடியில் சிறகு விரித்த கடற்புறா போல ஒரு குறி போடுவார்கள். அதையெல்லாம் யார் தட்டச்சு செய்வது? பிரான்சுவா ரோமன் எழுத்தின் தலையில் இரட்டைப் புள்ளி வைத்தார். மலேகுலா தீவின் பிக் நம்பாஸ் மக்களின் மொழியில் எழுத்தை அடுத்து ஒரு மேற்கோள் கொம்பு போதும். அவர்கள் தங்கள் மொழிக்குச் சொல்லும் பெயரே (V'ënen Taut) இந்த ஒலியில்தான் தொடங்குகிறது. கொம்பை விட்டுவிட்டால் அது சாதாரண 'வ'.